ஊசித்துளை வழியே எலும்புக் கட்டிக்குச் சிகிச்சை

எலும்பில் உண்டாகும் கட்டிகளில் புற்றுநோய் வகைகள் சிலவே. பெரும்பாலானவை புற்றல்லாத சாதாரணக் கட்டிகள். இவை பொதுவாக உடலின் வேறு உறுப்புகளுக்குப் பரவுவதில்லை, உயிருக்கு உலை வைப்பதும் இல்லை. ஆனாலும் சில கட்டிகள் இரவெல்லாம் தூங்கவிடாமல் வலிக்கும். சில எலும்பை உள்ளிருந்தே அரித்து மெலியவைத்து, சாதாரணமாகத் தடுக்கி விழுந்தாலே முறியச் செய்யும். சில, எலும்பு நீளமாக வளர ஆதாரமான வளர்தட்டை ஒட்டி இடம்பிடித்து, கை கால் வளர்ச்சியையே குலைத்துவிடும். இவை அதிகமாகத் தலைகாட்டுவது பள்ளி, கல்லூரி வயதில்தான்.

முன்பெல்லாம் இவற்றுக்கு ஒரே வழி அறுவை சிகிச்சை. தோலையும் தசையையும் கீறி, எலும்பைத் திறந்து, கட்டியைச் சுரண்டி எடுத்து, ஏற்பட்ட குழியை இடுப்பெலும்பிலிருந்து எடுத்த எலும்புத் துகள்களால் நிரப்புவார்கள். அதன்பின் மாவுக்கட்டு, ஊன்றுகோல், மாதக்கணக்கில் ஓய்வு. கடந்த முப்பத்தைந்து ஆண்டுகளில் இந்தக் கட்டிகளில் சிலவற்றுக்குக் கத்தியின் இடத்தை ஊசி பிடித்திருக்கிறது. ஸ்கேன் படத்தைப் பார்த்தபடியே ஊசியைக் கட்டிக்குள் கொண்டுபோய், அங்கேயே சூட்டாலோ குளிராலோ மருந்தாலோ அதை அழிப்பது இந்த முறை. செய்பவர் பெரும்பாலும் இன்டர்வென்ஷனல் ரேடியாலஜிஸ்ட், அதாவது ஸ்கேன் வழிகாட்டலில் சிகிச்சை செய்யப் பயின்ற கதிரியக்க மருத்துவர். எலும்பு மருத்துவரும் அவரும் கலந்து பேசி முடிவெடுப்பதே நல்ல மருத்துவமனைகளில் வழக்கம்.

எந்தச் சிகிச்சையும் தேவைப்படாத கட்டிகளும் உண்டு. முழங்கால் பக்கம் எலும்பின் ஓரத்தில் தெரியும் நார்த்திசுக் குறைபாடு ஒன்று, வளரும் குழந்தைகளில் மூன்றில் ஒருவருக்கேனும் இருக்கலாம் என்று மதிப்பிடப்படுகிறது. வேறு காரணத்துக்காக எடுத்த எக்ஸ்ரேயில் தற்செயலாகக் கண்ணில் படும். சில ஆண்டுகளில் தானே எலும்பாக நிரம்பிவிடும். இதை ஊசியால் குத்துவதும் வீண், கத்தியால் வெட்டுவதும் வீண். துளை சிறியது என்பதற்காகத் தேவையற்ற சிகிச்சை தேவையானதாகிவிடாது.

இரவில் வலிக்கும் சிறு கட்டி

ஊசி சிகிச்சைக்கு மிகப் பொருத்தமானதாக நிலைபெற்ற கட்டி ஆஸ்டியாய்டு ஆஸ்டியோமா. நியூயார்க்கைச் சேர்ந்த நோய்க்குறியியல் மருத்துவர் ஹென்றி ஜாஃபி 1935இல் இதைத் தனி நோயாக வரையறுத்தார். புற்றல்லாத எலும்புக் கட்டிகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்று இது. பெரும்பாலும் 5 வயது முதல் 25 வயது வரை உள்ளவர்களுக்கு வரும். பெண்களைவிட ஆண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். பாதிக்கு மேல் தொடை எலும்பிலும் கீழ்க்காலின் பெரிய எலும்பிலும் காணப்படும்.

உண்மையான கட்டி கடலைப் பருப்பு அளவுதான். பொதுவாக ஒன்றரை சென்டிமீட்டரைத் தாண்டாது. மருத்துவர்கள் இதை நைடஸ் என்பார்கள். ரத்தக் குழாய்களும் இன்னும் முற்றாத எலும்புத் திசுவும் கலந்த செந்நிறப் பொட்டு அது. அதைச் சுற்றி உடல் தானாகவே கெட்டியான எலும்பைக் கட்டிக்கொண்டே போகும். எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரிவது இந்தத் தடித்த சுற்றுச்சுவர். நடுவிலுள்ள நைடஸ் பெரும்பாலும் அதற்குள் மறைந்துகிடக்கும். சிகிச்சையில் அழிக்க வேண்டியது நைடஸை மட்டுமே. அது போனால் சுற்றியுள்ள தடிப்பு காலப்போக்கில் தானே கரையும். ஊசி சிகிச்சை இந்த நோய்க்கு இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துவதன் காரணம் இதுதான்.

அளவில் சிறியதானாலும் வலி பெரிது. பகலில் மந்தமாக இருக்கும் வலி இரவில் ஏறும், தூக்கத்திலிருந்து எழுப்பிவிடும். ஐபுபுரூஃபென், நாப்ராக்சன் போன்ற வலிநிவாரணி ஒன்றைப் போட்டால் சிறிது நேரத்தில் ஆச்சரியப்படும்படி அடங்கும். பழைய பாடநூல்கள் இதே குணத்தை ஆஸ்பிரினை வைத்துச் சொல்லும். ரேய் நோய்க்குறி என்ற அரிய ஆபத்து இருப்பதால் இன்று குழந்தைகளுக்கு வலிக்காக ஆஸ்பிரின் கொடுப்பதில்லை. மாத்திரை இப்படிக் கேட்பதற்குக் காரணம் உண்டு. நைடஸ், புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருளை அளவுக்கு மீறிச் சுரக்கிறது. நைடஸுக்குள்ளேயே நரம்பு இழைகளும் ஓடுகின்றன. புரோஸ்டாகிளாண்டின் ரத்தக் குழாய்களை விரியவைத்து அந்த நரம்புகளைத் தூண்டுகிறது. அந்தச் சுரப்பைத்தான் இவ்வகை மாத்திரைகள் தடுக்கின்றன. இந்தக் கட்டியின் உயிரணுக்களில் ஃபாஸ் என்ற மரபணு இடம் மாறியிருப்பது 2018இல் கண்டறியப்பட்டது. அதுவரை, இது கட்டிதானா அல்லது நாள்பட்ட அழற்சியா என்ற சந்தேகமே சிலருக்கு இருந்துவந்தது.

இவ்வளவு தெளிவான அடையாளம் இருந்தும், நோய் இன்னதென்று தெரிய மாதங்களும் சில நேரம் ஆண்டுகளும் ஆகிவிடுகின்றன. முதல் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் போகலாம். இடுப்பு மூட்டருகே உள்ள கட்டி முழங்காலில் வலியைக் காட்டும். முழங்காலைத் திரும்பத் திரும்பப் படமெடுத்தால் கட்டி எப்படி அகப்படும்? மூட்டுக்குள் இருந்தால் நீர் கோத்து வாதநோய் போலத் தோன்றும். முதுகெலும்பில் வந்தால் முதுகு ஒரு பக்கமாக வளையும். வளர்பருவத்தில் காரணம் தெரியாமல் வரும் முதுகு வளைவு பெரும்பாலும் வலிப்பதில்லை. வளைவோடு வலியும் இருந்தால் இந்தக் கட்டியைத் தேட வேண்டும். வலிக்கும் காலை ஊன்றத் தயங்குவதால் தொடைத் தசை மெலியும். சிறு பிள்ளைகளுக்குச் சில சமயம் அந்தக் கால் எலும்பு மற்றதைவிட நீண்டும் விடும்.

வீடுகளில் இதை ‘வளர்கிற வலி’ என்று ஒதுக்கிவிடுவது பொதுவாக நடக்கும் தவறு. வளர்ச்சிக் காலத்து வலி பெரும்பாலும் இரண்டு கால்களிலும் மாறிமாறி வரும்; காலையில் குழந்தை ஓடியாடத் தொடங்கிவிடும்; நொண்டாது. ஒரே இடத்தில், ஒரே காலில், வாரக்கணக்கில் இரவு வலி நீடித்தால் அது வேறு விஷயம்.

கண்டுபிடிப்பதில் சி.டி. ஸ்கேனுக்கு இணையில்லை. ஒரு மில்லிமீட்டர் அளவு மெல்லிய அடுக்குகளாக எடுத்தால் தடித்த எலும்புக்கு நடுவே கறுப்பாக நைடஸும், சில நேரம் அதற்குள் வெள்ளைப் புள்ளியும் தெரியும். பொதுவாக உயர்ந்த பரிசோதனை என்று கருதப்படும் எம்.ஆர்.ஐ. இங்கே ஏமாற்றக்கூடும். கட்டியைச் சுற்றியுள்ள நீர்க்கோப்பைப் பெரிதாகக் காட்டி, சீழ்த்தொற்றோ ஈவிங் சார்க்கோமா என்ற புற்றுநோயோ என்று சந்தேகிக்க வைத்துவிடும். எந்த இடத்தில் தேடுவது என்றே தெரியாதபோது எலும்பு ஐசோடோப் ஸ்கேன் இடத்தைச் சுட்டிக்காட்டும். எலும்புக்குள் நாள்பட்டு உறைந்த சிறு சீழ்க்கட்டியும், ஓட்டப் பயிற்சியில் வரும் நுண்முறிவும் இதே தோற்றம் தருபவை. அவற்றை விலக்கிய பிறகே சிகிச்சையைப் பற்றிப் பேச வேண்டும்.

ஆஸ்டியாய்டு ஆஸ்டியோமா சில ஆண்டுகளில் தானாகவே அடங்குவதும் உண்டு. மாத்திரையில் வலி நன்றாகக் கட்டுப்பட்டு, தூக்கமும் படிப்பும் கெடாமல் இருந்தால் காத்திருப்பது தவறல்ல. ஆனால் ஆண்டுக்கணக்கில் தினமும் வலி மாத்திரை என்றால் வயிற்றுப் புண்ணும் சிறுநீரகப் பாதிப்பும் வரலாம். பெரும்பாலான குடும்பங்களுக்கு அந்தக் காத்திருப்பு ஒத்துவருவதில்லை.

அறுவை சிகிச்சையின் சங்கடம் இன்னொரு விதம். ஸ்கேனில் தெளிவாகத் தெரிந்த நைடஸ், எலும்பைத் திறந்து பார்க்கும்போது கண்ணுக்குப் புலப்படாது. எங்கே தவறிவிடுமோ என்று மருத்துவர் சுற்றுப்புற எலும்பையும் சேர்த்துப் பெரிதாக வெட்டுவார். தொடை எலும்பின் கழுத்துப் பகுதியில் அப்படி வெட்டினால் எலும்பு பலவீனமாகும். முறிவைத் தடுக்கக் கம்பி, திருகு வைக்க வேண்டிவரும். அவ்வளவு வெட்டியும் நைடஸ் தப்பிவிட்டால் வலி திரும்பிவரும்.

90 டிகிரி, 6 நிமிடம்

அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலுள்ள மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் டேனியல் ரோசென்தாலும் உடன் பணியாற்றியவர்களும் ஒரு மாற்று வழியைத் தொடங்கினார்கள். ரேடியோ அலை மின்சாரத்தால் திசுவைச் சுடும் முறை, முகநரம்பு வலி போன்றவற்றுக்கு நரம்பியல் மருத்துவத்தில் ஏற்கெனவே புழக்கத்தில் இருந்தது. அதை எலும்புக்குள் கொண்டுவந்தது இவர்களே. முதல் நான்கு நோயாளிகளின் விவரம் 1992இல் வெளியானது. 2003இல் அதே குழு 263 நோயாளிகளின் தொகுப்பை வெளியிட்டது. முதல் முறையாகச் சிகிச்சை பெற்று இரண்டு ஆண்டு கண்காணிக்கப்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு வலி அடியோடு நீங்கியிருந்தது. அதற்குப் பிறகு பல நாடுகளில் வந்த முடிவுகளும் இதையொட்டியே இருப்பதால், இன்று கை கால் எலும்புகளில் வரும் ஆஸ்டியாய்டு ஆஸ்டியோமாவுக்கு முதலில் பரிந்துரைக்கப்படுவது இந்த முறைதான். இந்தியாவின் பெருநகரங்களிலும் இது நடைமுறையில் இருக்கிறது.

சிகிச்சை நடப்பது சி.டி. ஸ்கேன் அறையில். நோயாளிக்கு முழு மயக்கம் கொடுப்பார்கள். கால் என்றால் பெரியவர்களுக்கு முதுகுத்தண்டில் ஊசி போட்டு மரத்துப்போகவும் செய்யலாம். இத்தனை சிறிய துளைக்கு எதற்கு முழு மயக்கம் என்ற கேள்வி நியாயமானதே. ஊசி நைடஸைத் தொட்ட கணத்தில், ஆழ்ந்த மயக்கத்திலும் நோயாளியின் இதயத்துடிப்பும் மூச்சும் சட்டென்று ஏறுவதை மயக்க மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அந்த நைடஸ் அவ்வளவு உணர்ச்சி மிக்கது. விழித்திருக்கும் குழந்தையால் தாங்க முடியாது. கால் ஒரு சென்டிமீட்டர் அசைந்தாலும் குறி தப்பிவிடும்.

ஸ்கேன் படத்தில் நைடஸின் மையத்தைக் குறித்துக்கொண்டு, பெரிய ரத்தக் குழாய்களையும் நரம்புகளையும் தவிர்த்துத் தோலிலிருந்து அங்கே போகும் பாதையை முதலில் தீர்மானிப்பார்கள். தோலில் சில மில்லிமீட்டர் கீறல் போதும். கெட்டி எலும்பை மெல்லிய துளைப்பானால் துளைத்து, நைடஸிலிருந்து சிறு துணுக்கைப் பரிசோதனைக்கு எடுப்பார்கள். துணுக்கு மிகச் சிறியது என்பதால் பரிசோதனை சில நேரம் விடை தராது. அதனால்தான் ஸ்கேனில் அடையாளம் உறுதியாக இருப்பது முக்கியம். பிறகு அதே துளை வழியாக மின்முனையைச் செலுத்துவார்கள். நுனியில் ஐந்து மில்லிமீட்டர் அளவு தவிர மற்றப் பகுதி முழுவதும் மின்கடத்தா உறையால் மூடப்பட்டிருக்கும்.

ரேடியோ அலை மின்சாரம் பாயும்போது நுனியைச் சுற்றியுள்ள திசுவில் அயனிகள் வேகமாக முன்னும் பின்னும் ஊசலாடி, அந்த உராய்வில் சூடு பிறக்கிறது. நுனியின் வெப்பம் 90 டிகிரி செல்சியஸ் ஆனதும் ஏறத்தாழ ஆறு நிமிடம் அப்படியே நிறுத்துவார்கள். நுனியைச் சுற்றி ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் விட்டத்துக்குத் திசு வெந்து இறந்துவிடும். நைடஸ் அதைவிடப் பெரிதாக இருந்தால் மின்முனையை இடம் மாற்றி இன்னொரு முறை சுட வேண்டும். மின்சுற்று முழுமையடைய நோயாளியின் தொடையிலோ முதுகிலோ ஒரு பட்டை ஒட்டியிருக்கும். அது சரியாக ஒட்டாவிட்டால் அந்த இடத்தில் தோல் வெந்துவிடும். கவனக்குறைவால் வரும் காயங்களில் இது ஒன்று. மயக்கம் கொடுப்பது முதல் கட்டுப்போடுவது வரை எல்லாம் சேர்த்து ஒன்றரை, இரண்டு மணி நேரம்.

இறந்த திசுவை வெளியே எடுப்பதில்லை. அது அங்கேயே கிடக்கும். உடல் மெல்ல மெல்ல அந்த இடத்தைப் புது எலும்பால் நிரப்பும். அதனால் மறு எக்ஸ்ரேயில் ‘பள்ளம் இன்னும் தெரிகிறதே’ என்று பயப்பட வேண்டியதில்லை. வெற்றியை அளக்கும் அளவுகோல் வலி நின்றதா என்பதுதான். முதல் இரவு புண் வலி இருக்கும். பழைய இரவு வலி பெரும்பாலோருக்குச் சில நாட்களில் போய்விடும். மாத்திரை இல்லாமல் தூங்கும் முதல் இரவைப் பெற்றோர் நன்றாக நினைவில் வைத்திருப்பார்கள். அன்றே அல்லது மறுநாள் வீடு திரும்பலாம், நடக்கலாம். தொடை, கீழ்க்கால் எலும்பில் துளையிட்டிருந்தால் ஓட்டம், தாண்டல், கபடி, கால்பந்து இவற்றைச் சில வாரங்கள் முதல் மூன்று மாதம் வரை தள்ளிவைக்கச் சொல்வார்கள்.

ஆபத்துகள் குறைவு, இல்லாமல் இல்லை. தோலுக்கு மிக அருகே எலும்பு இருக்கும் கீழ்க்கால் முன்பக்கத்திலும் விரல்களிலும் தோல் வெந்து புண்ணாகலாம். நரம்பு சுடப்பட்டால் மரத்துப்போதலோ பலவீனமோ வரும். கிருமித்தொற்றும் எலும்பு முறிவும் அரிது. சிகிச்சையின்போதும் சி.டி. கதிர்வீச்சு படும், குழந்தைகளுக்குக் குறைந்த அளவில் எடுக்கும் முறைகள் உண்டு, அவற்றைக் கேட்டு வாங்குவது பெற்றோரின் உரிமை.

முதுகெலும்பில் கட்டி இருந்தால் கவனம் பல மடங்கு வேண்டும். தண்டுவடமோ நரம்பு வேரோ நைடஸிலிருந்து ஒரு சென்டிமீட்டருக்குள் இருந்தால், நடுவில் கெட்டி எலும்புச் சுவர் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். நரம்பருகே வெப்பமானி ஊசி வைத்துச் சூட்டைக் கண்காணிப்பார்கள். நரம்புக்கும் எலும்புக்கும் இடையே கரியமில வாயுவையோ குளுக்கோஸ் கரைசலையோ செலுத்தி நரம்பை விலக்கிப் பாதுகாப்பார்கள். சலைன் எனப்படும் உப்புநீர் இதற்கு உதவாது, அது மின்சாரத்தைக் கடத்தும். இத்தனை ஏற்பாடும் செய்ய முடியாத இடத்தில் அறுவை சிகிச்சையே மேல்.

பத்தில் ஒருவருக்கு வலி நீடிப்பதோ திரும்புவதோ உண்டு. பெரும்பாலும் இரண்டு ஆண்டுகளுக்குள். மின்முனை நைடஸின் நடுவில் அமையாததோ, பெரிய நைடஸை ஒரே இடத்தில் மட்டும் சுட்டதோ காரணமாக இருக்கும். மறுமுறை செய்தால் பலருக்குச் சரியாகிவிடுகிறது. முதல் முறை தோற்றதால் இரண்டாம் முறைக்குத் தடையேதும் இல்லை என்பது ஊசி முறையின் பெரிய வசதி.

ரேடியோ அலை தவிர வேறு வழிகளும் வந்திருக்கின்றன. மெல்லிய இழை வழியே லேசர் ஒளியைச் செலுத்திச் சுடும் முறையும் ஏறக்குறைய அதே பலனைத் தருகிறது. ஆர்கான் வாயுவால் உறையவைக்கும் முறையில் ஊசி நுனியில் உருவாகும் பனி, எலும்பைத் தாண்டி மென்திசுவுக்குள் பரவுகிறதா என்பதை ஸ்கேனிலேயே பார்க்க முடிகிறது; நரம்பருகே இது நிம்மதி தரும். இன்னொன்று, ஊசியே இல்லாத முறை: எம்.ஆர்.ஐ. கருவிக்குள் நோயாளியைப் படுக்கவைத்து, ஒலியலைகளை வெளியிலிருந்து ஒரே புள்ளியில் குவித்துச் சூடேற்றுவது. கனடாவின் டொரண்டோ நகரக் குழந்தைகள் மருத்துவமனையில் 2014இல் இம்முறை செய்யப்பட்டது. கை கால்களில் வரும் ஆஸ்டியாய்டு ஆஸ்டியோமாவுக்கு இதைப் பயன்படுத்த அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2020இல் அனுமதி அளித்தது. கீறலும் இல்லை, கதிர்வீச்சும் இல்லை என்பது பெரிய கவர்ச்சி. ஆனால் ஒலியலை தடித்த எலும்பை எளிதில் ஊடுருவாது. நைடஸ் எலும்பின் மேற்பரப்பை ஒட்டி இருக்க வேண்டும். கருவியின் விலையும் அதிகம். எட்டக்கூடிய தூரத்தில், அனுபவம் உள்ள கைகளில் கிடைப்பது என்று பார்த்தால் இன்றைக்கு ரேடியோ அலை முறைக்கே முதலிடம்.

நீர்ப்பையும் ரத்தப்பையும்

குழந்தைகளுக்கு எலும்பில் வரும் நீர்ப்பை வலிக்காது. மேற்கை எலும்பின் தோள் பக்க முனையிலும் தொடை எலும்பின் இடுப்பு பக்க முனையிலும் மஞ்சள் நிற நீர் நிரம்பிய குழி உருவாகி, சுவர் மெலிந்து, ஒருநாள் கிரிக்கெட் பந்தை வேகமாக எறியும்போதே கை முறியும். அப்போதுதான் நோய் தெரியவரும். முறிந்த எலும்புச் சில்லு நீருக்குள் கீழே இறங்கிக் கிடப்பது எக்ஸ்ரேயில் இந்த நோயைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம்.

நீரை ஊசியால் உறிஞ்சிவிட்டு ஸ்டீராய்டு மருந்தைச் செலுத்தும் முறையை இத்தாலிய மருத்துவர் ஸ்காலியெட்டி 1970களில் பரப்பினார். அறுவைக்கூடத்தில் எக்ஸ்ரே திரையைப் பார்த்துக்கொண்டு செய்வது இது. எலும்பு மஜ்ஜையைச் செலுத்தினால் இன்னும் நன்றாக ஆறும் என்ற நம்பிக்கை பின்னர் எழுந்தது. வட அமெரிக்காவில் இரண்டையும் ஒப்பிட்டு நடத்திய ஆய்வு 2008இல் வெளியானபோது முடிவு எதிராக இருந்தது. ஸ்டீராய்டு பெற்றவர்களில் 42 சதவீதம் பேருக்கு ஆறியது. மஜ்ஜை பெற்றவர்களில் 23 சதவீதம் பேருக்கே. ஆனால் 42 என்பதும் பாதிக்குக் குறைவு. ஆகவே பலருக்கு இரண்டு மூன்று முறை ஊசி போட வேண்டிவருகிறது. ஊசி வழியாகவே பையின் உட்சுவரைச் சுரண்டி, செயற்கை எலும்புத் தூளை நிரப்புவதும், வளையும் தன்மையுள்ள மெல்லிய கம்பியை எலும்புக்குள் செலுத்தி நீரை வடியவைத்து எலும்பையும் தாங்கவைப்பதும் அடுத்த வழிகள். தொடை எலும்பின் கழுத்தில் பை இருந்தால் ஊசியை மட்டும் நம்பிக் காத்திருக்கக் கூடாது. அங்கே முறிவு ஏற்பட்டால் இடுப்பு மூட்டே கெடலாம் என்பதால் கம்பியின் தாங்கல் அவசியம்.

இந்தப் பைகள் ஆறினாலும் வளர்தட்டு மூடும்வரை மீண்டும் நிரம்பக்கூடும். வளர்ச்சி நின்றபின் பெரும்பாலானவை அமைதியாகிவிடும்.

ரத்தம் நிரம்பும் இன்னொரு பை இதைவிட மூர்க்கமானது. அனியூரிஸ்மல் எலும்புப் பை என்ற இது எலும்பை ஊதிப் பெருக்கவைத்து வலிக்கும். பெரும்பாலும் இருபது வயதுக்குள் வரும். திறந்து சுரண்டினால் ரத்தம் கொட்டும். சுரண்டிய பின்னும் கணிசமானவர்களுக்குத் திரும்ப வரும். இதற்கு ஊசி வழி ஒன்றை வலுவாக முன்வைத்ததில் இந்தியாவுக்குப் பங்குண்டு. டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் எலும்பு மருத்துவர்கள், காலில் சுருண்டு புடைக்கும் ரத்த நாளங்களை மூடப் பயன்படும் பாலிடோகனால் என்ற மருந்தை இந்தப் பைகளுக்குள் செலுத்தி, 72 நோயாளிகளின் முடிவுகளை 2006இல் வெளியிட்டனர். இந்த மருந்து ரத்தப் பைகளின் உட்பூச்சைச் சேதப்படுத்தி அவற்றைச் சுருங்க வைக்கும். பின் எலும்பு உருவாகும். அதே குழு 2010இல் இம்முறையைச் சுரண்டல் அறுவையோடு நேரடியாக ஒப்பிட்டது. ஆறும் விகிதத்தில் ஊசி பின்தங்கவில்லை. சிக்கல்கள் குறைவாக இருந்தன. விலை குறைந்த மருந்து, எக்ஸ்ரே திரை இருந்தால் போதும் என்பதால் நம் நாட்டு மருத்துவமனைகளுக்கு இது மிகவும் தோதானது.

இதில் பொறுமை வேண்டும். ஒரே ஊசியில் முடிவது அபூர்வம்; வாரங்களோ மாதங்களோ இடைவெளி விட்டுப் பல முறை போட வேண்டும். மருந்து ரத்த ஓட்டத்தில் கசிந்து போகாதபடி, முதலில் சாயம் செலுத்திப் பார்ப்பது கட்டாயம். கழுத்து முதுகெலும்பில் மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் அருகே இருப்பதால் அங்கே இந்தச் சிகிச்சையில் அபாயம் அதிகம்.

எலும்பின் முனையில், மூட்டுக் குருத்தெலும்புக்கு அடியில் பதின்வயதினருக்கு வரும் காண்ட்ரோபிளாஸ்டோமாவுக்கும் ரேடியோ அலை முறை சில மையங்களில் செய்யப்படுகிறது. கட்டி சிறிதாக இருந்தால் பலன் உண்டு. பெரிதாகவும் உடல் எடையைத் தாங்கும் பரப்புக்கு நேர் கீழேயும் இருந்தால், சுட்டபின் மேலேயுள்ள எலும்பு அமிழ்ந்து மூட்டு சீர்கெடலாம். அதற்குச் சுரண்டி நிரப்புவதே சரி. எலும்பிலிருந்து முளை போல் வெளியே வளரும் ஆஸ்டியோகாண்ட்ரோமாவுக்கு ஊசியால் ஆகக்கூடியது எதுவும் இல்லை. தொல்லை தந்தால் வெட்டி எடுப்பார்கள், தராவிட்டால் விட்டுவிடுவார்கள்.

ஊசிக்கு முன் உறுதி

துளை சிறிது, தழும்பு சிறிது, செலவழியும் நாளும் குறைவு. இந்தக் கவர்ச்சியில் மறக்கப்படுவது ஒன்றுண்டு: கட்டி வெளியே எடுக்கப்படாததால், அது இன்னதென்று பிறகு முழுமையாகச் சோதித்துப் பார்க்க வாய்ப்பில்லை. அறுவை சிகிச்சையில் எடுத்த கட்டி முழுவதும் ஆய்வகத்துக்குப் போகும். இங்கே கிடைப்பது ஒரு துணுக்கு. ஆகவே நோயை முடிவு செய்யும் வேலை ஊசிக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். ரத்தம் நிரம்பிய எலும்புப் பையைப் போலவே ஸ்கேனில் தோன்றும் ஒரு வகை ஆஸ்டியோசார்க்கோமா உண்டு. அது கொடிய புற்றுநோய். அதைச் சாதாரணப் பை என்று நினைத்து மருந்து செலுத்திக்கொண்டிருந்தால் பொன்னான மாதங்கள் பறிபோகும். ரத்தப்பைக்கு மருந்து செலுத்தும் முன் பயாப்ஸி என்ற திசுப் பரிசோதனை செய்து முடிவைப் பார்ப்பது எந்த நிலையிலும் கைவிடக் கூடாத விதி.

அந்தப் பயாப்ஸியையும் எங்கே வேண்டுமானாலும் செய்துகொள்ளக் கூடாது. ஊசி போகும் பாதையில் புற்று உயிரணுக்கள் சிந்தலாம். பின்னால் அறுவை தேவைப்பட்டால் அந்தப் பாதையையும் சேர்த்து அகற்ற வேண்டும். பாதை தவறான இடத்தில் அமைந்தால் காப்பாற்றியிருக்கக்கூடிய கால்கூட ஆபத்துக்கு உள்ளாகும். எனவே சந்தேகமுள்ள கட்டிக்குப் பயாப்ஸி, முழுச் சிகிச்சையும் செய்யவிருக்கும் மருத்துவமனையிலேயே நடக்க வேண்டும். எலும்பு காசநோய் நம்மிடையே இன்னும் இருப்பதால், எடுத்த திசுவில் அதற்கான சோதனையும் சேர்த்துக் கேட்பது நல்லது.

மாத்திரைக்கு அடங்காத வலி, நாளுக்கு நாள் பெரிதாகும் வீக்கம், காய்ச்சல், எடை குறைதல் இவற்றில் ஏதாவது இருந்தால் தாமதிக்காமல் எலும்பு மருத்துவரிடம் போக வேண்டும். காரணம் தெரியாத வீக்கத்தை எண்ணெய் போட்டு நீவுவதும், கட்டு போட்டு வாரக்கணக்கில் வைத்திருப்பதும் கூடாது. மெலிந்த எலும்பு அதிலேயே முறியலாம். புற்றாக இருந்தால் காலமும் கைநழுவும்.

ஊசி சிகிச்சைக்குச் சம்மதிக்கும் முன் பெற்றோர் மருத்துவரிடம் கேட்க வேண்டியவை சில. இது இன்ன கட்டி என்பது எதைக்கொண்டு உறுதியானது, அருகில் நரம்போ வளர்தட்டோ எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, திசு பரிசோதனைக்குப் போகுமா, வலி திரும்பினால் அடுத்த வழி என்ன? சிகிச்சை முடிந்ததும் பழைய எக்ஸ்ரே, சி.டி. படங்கள், பயாப்ஸி அறிக்கை எல்லாவற்றையும் ஒரே உறையில் பத்திரப்படுத்துங்கள். ஆஸ்டியாய்டு ஆஸ்டியோமா என்றால் குறைந்தது இரண்டு ஆண்டு, எலும்புப் பை என்றால் வளர்ச்சி நிற்கும் வரை, மறுபரிசோதனைக்குத் தவறாமல் பிள்ளையை அழைத்துச் செல்லுங்கள்.